வரிசையில் நின்றவர்களின் சாவிகளை வைத்திருந்த சூசை

சூசை இறந்துவிட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் வேலு. காலை ஏழு மணி இருக்கும். நாளிதழை இன்னும் பிரிக்கவில்லை. தொலைபேசியை எடுத்ததும், "சார், அண்ணாத்தே பூட்டாரு சார்" என்றார். எந்த அண்ணாத்தே என்று நான் கேட்கவில்லை. வேலு அப்படி அழைக்கும் மனிதர் ஒருவர்தான். முந்தைய நாள் மாலை நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார். கரையான்சாவடி வீட்டிலிருந்து ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஏற்றிப் போயிருக்கிறார்கள். குமணன்சாவடி சந்திப்பைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வேலு சற்று நேரம் அழுதார். பிறகு அழுகை அடங்காத குரலிலேயே, "அடுத்த மாசம் கேஸு வருது சார். அண்ணாத்தே ஒருத்தர்தான் சாட்சி. இப்போ இன்னா சார் பண்றது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. "பார்க்கலாம், வேலு" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

சூசையைப் பற்றி உங்கள் ஓட்டுநர் சங்க மலரில் எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்டபோது, என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் சொன்னேன். நான் லாரி ஓட்டியவன் அல்ல. அவர் ஓட்டிய அதே நிறுவனத்தின் அலுவலகத்தில் நேரக் காப்பாளராக உட்கார்ந்திருந்தவன். ஓட்டுநர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எத்தனை மணி நேரம் ஓய்வெடுத்தார்கள் என்று பதிவேட்டில் எழுதுவது என் வேலை. அதனால் எதையும் வரிசைப்படுத்தாமல் எழுத எனக்கு வராது. சொல்ல நினைப்பவற்றை முதலில் எண்ணிட்டு வைக்கிறேன்.

1. பதிவேட்டைப் பார்த்து அவர் என்னிடம் கேட்ட கேள்வி.
2. அம்பத்தூர் வரிசையில் அவர் சட்டைப் பையில் இருந்த ஐந்து சாவிகள்.
3. வரிசையில் காத்திருந்த நேரத்தை நான் ஓய்வு என்று எழுதியது. சட்டப்படி அது சரிதான் என்பது.
4. வேலுவின் விசாரணையும், அதன் பிறகு சூசை பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாட்களும்.
5. பாரிவாக்கத்தில் அவர் பார்த்துக்கொண்ட லாரி நிறுத்தம்.
6. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது.

வேலுவின் வழக்கை அறியாதவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடங்களுக்கு முன் வேலு ஓட்டிய லாரி, திருமழிசையைத் தாண்டி, சாலை ஓரம் நின்றிருந்த ஒரு டேங்கர் மீது மோதியது. வேறு யாருக்கும் அடிபடவில்லை. வேலுவின் வலது முழங்கால் நொறுங்கியது. பதின்மூன்று மணி நேரம் ஓய்வு கொடுத்தும் கவனக்குறைவாகத் தூங்கிவிட்டார் என்று சொல்லி நிறுவனம் அவரை நீக்கியது. தனக்கு ஓய்வே கிடைக்கவில்லை என்பது வேலுவின் வாதம். வழக்கு இன்னும் நடக்கிறது. வேலு இப்போது ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். "மறுபடி லாரி ஓட்டணும்னு இல்ல சார். தூங்க உடாம அனுப்பிட்டு, தூங்கிட்டான்னு எய்தி வச்சிகீறாங்களே, அத்த மாத்தணும்" என்பார். அவர் கேட்பது அவ்வளவுதான்.

இனி முதலாவது.

எங்கள் அலுவலகம் கரையான்சாவடி பிரதான சாலையில், ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்ததும் செய்த முதல் காரியம், மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப் புத்தகத்தை வாங்கி அட்டை போட்டதுதான். அது எளிமையான சட்டம். ஓட்டுநர் ஒரு நாளில் எட்டு மணி நேரம், வாரத்தில் நாற்பத்தெட்டு மணி நேரம் வேலை செய்யலாம். ஐந்து மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரமாவது இடைவேளை வேண்டும். ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக ஒன்பது மணி நேரம் ஓய்வு வேண்டும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. தூர வழித்தடங்களுக்குச் சில விலக்குகள் உண்டு. இப்போது இவையெல்லாம் வேறு பெயருள்ள சட்டத்துக்குள் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். நான் பணியில் இருந்தவரை இந்தப் புத்தகம்தான் என் மேசையில் இருந்தது. பதிவேட்டில் சிவப்பு மையால் கட்டம் போட்டு, நீல மையால் எழுதுவேன். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் என் கையெழுத்தைப் பாராட்டாமல் போனதில்லை.

வாரம் ஒரு முறை ஓட்டுநர்கள் வந்து அதில் கையெழுத்துப் போட வேண்டும். எல்லோரும் நான் விரல் வைத்த இடத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். சூசை மட்டும் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். உயரமான மனிதர். மேசைக்கு மேல் குனிந்தால் என் வெளிச்சம் முழுவதும் மறைந்துவிடும்.

"இன்னா சார் இது? ஒசூருக்குப் போய், எறக்கி, திரும்பி வந்து, எல்லாம் சேத்து தெனம் எட்டு மணி நேரந்தான் நான் வேல செஞ்சேனா?"

"ஆமாம், சூசை."

"மீதி நேரம் யார் சார் ஓட்னது? என் ஆவியா?"

பின்னால் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பொறுமையாக விளக்கினேன். போனது ஒரு நாள், வந்தது மறுநாள். இடையில் கிடங்கு வாசலில் நின்ற நேரம் ஓய்வு.

"அது ஓய்வா சார்?"

"வண்டி ஓடவில்லையே, சூசை."

"கரெக்ட்டு சார். வண்டி ஓய்வு எடுத்துச்சு. நான் எடுக்கல."

அதற்கும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பேனாவை வாங்கி, தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதிவிட்டு, "ஒரு நாளு வந்து வண்டில குந்துங்க சார். அப்பால எய்துங்க" என்றார்.

இரண்டாவது, அந்த ஒரு நாள்.

நான் போவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். எனக்கே நம்பிக்கை இல்லை. ஆனால் சரிபார்க்காமல் ஒன்றை எழுதுகிறேனோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு சனிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு, தயிர் சாதம், தண்ணீர் பாட்டில், குடை, ஒரு நோட்டுப் புத்தகம் ஆகியவற்றோடு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போனேன். ஒரு பெரிய கிடங்கின் வாசலில் தொடங்கி, சாலை வளைந்து கண்ணுக்கு மறையும்வரை லாரிகள் நின்றன. சூசையின் வண்டி நடுவில் இருந்தது. என்னைக் கைப்பிடித்து மேலே ஏற்றினார். "மெதுவா சார். வழுக்கி உழுந்துட்டா உங்கள எந்தக் கட்டத்துல எய்துறது?"

வரிசையின் சட்டம் எனக்கு அங்கேதான் தெரிந்தது. வாசலில் ஒரு லாரி உள்ளே போனால், பின்னால் நிற்கும் ஒவ்வொரு லாரியும் ஒரு லாரி நீளம் முன்னால் நகர வேண்டும். நகராமல் இடைவெளி விட்டால் வேறு வண்டி அதில் புகுந்துவிடும். பிறகு இடம் போனது போனதுதான். மறுபடி வளைவுக்கு அப்பால் போய்க் கடைசியில் நிற்க வேண்டும். ஆகவே யாரும் தூங்க முடியாது. எப்போது நகரும் என்று சொல்லவும் முடியாது. பத்து நிமிடத்திலும் நகரும், நாற்பது நிமிடத்திலும் நகரும்.

இதற்குச் சூசை ஒரு வழி செய்திருந்தார். முன்னும் பின்னுமாக நிற்கும் ஐந்து லாரிகள் ஒரு கூட்டு. எந்த நிறுவனத்து வண்டி என்பது பார்ப்பதில்லை. ஐந்து சாவிகளும் ஒருவரிடம். அவர் விழித்திருந்து ஐந்து வண்டிகளையும் ஒவ்வொன்றாக நகர்த்துவார். மற்ற நால்வரும் தூங்கலாம். முறை வைத்து மாற்றிக்கொள்வார்கள். நான் போன நாளில் சாவிகள் சூசையிடம் இருந்தன. அவற்றின் கனத்தில் அவருடைய சட்டைப் பை ஒரு பக்கமாகத் தொங்கியது. வாசலில் விசில் கேட்டதும் இறங்கி ஓடுவார். முதல் வண்டியை நகர்த்துவார், இறங்குவார், அடுத்ததில் ஏறுவார். ஐந்தையும் முடித்துத் திரும்பும்போது மூச்சு வாங்கும். அவருக்கு அப்போதே ஐம்பதுக்கு மேல்.

முறை முடிந்ததும் அடுத்தவரை எழுப்பக் கதவை இரண்டு தட்டு தட்டுவார். அன்று எழுந்து வந்தவர் வேலு. நான் வேலுவை அலுவலகத்துக்கு வெளியே பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தூங்கினியா மாமே?"

"கண்ண மூடிகினு இருந்தேன் அண்ணாத்தே."

"கண்ண மூட்றது வேற, தூங்குறது வேற. போ, இன்னும் அர மணி தூங்கு. சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

"உன் முறை முடிஞ்சிபோச்சே."

"சார் வந்துகீறாரு இல்ல. அவரு கூட பேசிகினு இருக்கேன். ரெண்டு பேரும் முயிச்சிகினு இருந்தா ஓய்வு டபுளா ஏறும்."

வேலு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு மறுபடி ஏறிப் படுத்தார்.

ஒருவர் வண்டியை மற்றவர் ஓட்டுவது விதிகளுக்குப் பொருந்தாதே, விபத்து நடந்தால் காப்பீட்டில் சிக்கல் வராதா என்று நான் கேட்டேன். சூசை யோசித்தார். "ஒரு லாரி நீளத்துல இன்னா சார் விபத்து வரும்? விபத்து தூங்காம ஓட்டினா ரோட்ல வரும்" என்றார்.

மாலை ஐந்து மணிவரை நான் அங்கே இருந்தேன். ஒவ்வொரு நகர்வையும் நேரத்தோடு குறித்தேன். இடையே இரண்டு தடவை எனக்கே கண் செருகியது. இரண்டு தடவையும் வண்டி குலுங்கி எழுப்பிவிட்டது. வீட்டுக்கு வரும்போது தலைவலி மண்டையைப் பிளந்தது. மறுநாள் முழுவதும் படுத்திருந்தேன்.

மூன்றாவதை இப்போது எழுத வேண்டும். அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன். மன்னிக்கவும். நான்காவதைச் சொன்னால்தான் மூன்றாவது புரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வேலுவுக்கு அடிபட்ட நாளில் நடந்தது இதுதான். முந்தைய நாள் முழுவதும் லாரி ஓட்டிவிட்டு, மாலை ஏழு மணிக்கு அதே அம்பத்தூர் வரிசையில் சேர்ந்தார். கூட்டுச் சேர ஆள் இல்லை. முன்னும் பின்னும் வடக்கிலிருந்து வந்த வண்டிகள். மொழி தெரியாது, சாவி கொடுக்க அவர்களுக்கு மனமில்லை. விடியும்வரை அவரே விழித்திருந்து நகர்த்தினார். காலை எட்டு மணிக்குத்தான் அவர் வண்டிக்குக் கதவு திறந்தது. சரக்கு ஏற்றி முடிய இரண்டு மணி நேரம். பத்தரை மணிக்கு ஒசூருக்குக் கிளம்பச் சொன்னார்கள். பகல் வெயிலில், பன்னிரண்டு மணிக்குள், டேங்கர் மீது மோதினார்.

என் பதிவேட்டில் அது இப்படி இருந்தது: மாலை ஏழு, பணி முடிவு. காலை எட்டு, பணி தொடக்கம். இடையில் ஓய்வு, பதின்மூன்று மணி.

விசாரணை அலுவலக மாடியில் நடந்தது. வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞரை விசாரணை அதிகாரியாக அமர்த்தியிருந்தார்கள். வேலு கட்டுப் போட்ட காலை ஒரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார்கள். இது உங்கள் கையெழுத்தா? ஆமாம். பதிவுகள் சரியானவையா? சரி. நான் உட்கார்ந்துவிட்டேன்.

சூசையை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அவராக வந்தார். அன்று காலை ஆறு மணிக்கே தானும் அந்த வரிசையில் பின்னால் வந்து சேர்ந்ததாகவும், சரக்கு ஏற்றி வெளியே வந்த வேலுவின் கண்களைப் பார்த்ததாகவும் சொன்னார். "கண்ணு ரெண்டும் மொளகா அரச்ச கை பட்ட மாரி இருந்துச்சு சார். அவன அனுப்பாதீங்க, வேற டிரைவர அனுப்புங்கன்னு ஆபீசுக்கு போன் பண்ணேன்."

"யார் எடுத்தார்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

சூசை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "தெரியல சார். லைன் சரியா இல்ல. கொரல் புடிபடல."

மேலாளர் அப்படி ஒரு அழைப்பே வரவில்லை என்றார். அழைப்பு வந்ததற்கு ஆதாரம் இல்லை என்று அதிகாரி எழுதிக்கொண்டார். அத்துடன் சூசையின் சாட்சியம் மதிப்பிழந்தது. வேலு நீக்கப்பட்டார்.

அதன் பிறகு சூசைக்கு வண்டி கொடுக்கவில்லை. இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த முறை. வேலையை விட்டுப் போ என்று சொல்ல மாட்டார்கள். தினமும் வரச் சொல்வார்கள். வந்தால் வண்டி இல்லை என்பார்கள். என் மேசைக்கு எதிரே ஒரு மர பெஞ்ச் இருந்தது. காலை ஒன்பது மணிக்கு வந்து அதில் உட்காருவார். மாலை ஆறு மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நாற்பத்தொரு நாட்கள். அந்த நாட்களில் அவர் பெயருக்கு நேராகப் பதிவேட்டில் எதையாவது எழுத வேண்டும் அல்லவா? ஓய்வு என்று எழுதினேன்.

ஒரு நாள் அவர் எழுந்து வந்து பதிவேட்டை எட்டிப் பார்த்தார். நான் கையால் மறைக்கப் போய், மை தீற்றிக்கொண்டது. "மறைக்காதீங்க சார். சோக்கா எய்திகீறீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்பத்திரண்டாம் நாள் அவர் வரவில்லை. அந்தக் கட்டத்தை நான் வெகு நேரம் காலியாக விட்டு வைத்திருந்தேன்.

ஐந்தாவது, பாரிவாக்கம்.

பாரிவாக்கத்தில் ஒருவர் தம் காலி மனையைச் சுற்றி வேலி போட்டு லாரிகள் நிறுத்த வாடகைக்கு விட்டிருந்தார். சூசை அங்கே காவலுக்குச் சேர்ந்தார். ஒரு தகரக் கொட்டகை, நான்கு கயிற்றுக் கட்டில்கள், ஒரு தண்ணீர்த் தொட்டி. உள்ளே வரும் ஓட்டுநரிடம் முதலில் கேட்பது, "தூங்கினியா?" பதில் என்னவாக இருந்தாலும் முகத்தைப் பார்த்து முடிவு செய்வது அவர்தான். சாவியையும் கைபேசியையும் வாங்கி வைத்துக்கொள்வார். ஓட்டுநரின் முதலாளி அழைத்தால் சூசையே எடுப்பார். நான் பக்கத்தில் இருந்த ஒரு நாள் நடந்த பேச்சு இது.

"வண்டி கெளம்பாது சார். பேட்டரி உக்காந்துடுச்சு."

மறுமுனையில் ஏதோ கத்தல்.

"மெக்கானிக்கு வந்துகீறாரு சார். எவ்ளோ நேரமா? ஒம்போது மணி நேரம் ஆவும்."

கத்தல் அதிகமானது.

"இல்ல சார், எட்டுல ஆவாது. கண்டினியூவா ஒம்போது. பக்கத்துல சட்டம் படிச்ச சார் ஒருத்தர் கீறாரு, வேணும்னா கேளுங்க."

கைபேசியை என் பக்கம் நீட்டினார். நான் பதறி எழுந்து தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டேன். கட்டிலில் படுத்திருந்தவர் குலுங்கிச் சிரித்தது கயிறு கிரீச்சிட்டதில் தெரிந்தது.

மனையை ஒட்டி அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தபோது பிரச்சினை வந்தது. லாரிகள் பின்னால் வரும்போது அடிக்கும் ஒலி தாங்கவில்லை என்று ஓர் இளைஞர் புகார் சொல்ல வந்தார். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வெளிநாட்டுக்காரர்களோடு பேச வேண்டியிருப்பதால் பகலில்தான் தூங்குவாராம். சூசை அவரைக் கட்டிலில் உட்கார வைத்து டீ கொடுத்தார்.

"எத்தினி மணி நேரம் வேல தம்பி?"

"அதெல்லாம் சொல்ல முடியாதுங்க. எப்ப கூப்பிட்டாலும் எடுக்கணும்."

"உனுக்கு ரிஜிஸ்டர் யார் எய்துறது?"

இளைஞருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் டீயைக் கீழே வைத்துவிட்டேன். மறுநாளிலிருந்து காலை வேளையில் வண்டிகளைப் பின்பக்கமாக எடுக்க வேண்டாம் என்று சூசை எல்லோரிடமும் சொல்லிவிட்டார். "அவனும் தூங்கணும் இல்ல சார்" என்றார்.

ஓய்வு பெற்ற பிறகு மாதம் இரண்டு முறையாவது நான் பாரிவாக்கம் போவேன். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்கு நானே தெளிவாகச் சொல்லிக்கொண்டதில்லை. அவரிடம் ஒன்றைக் கேட்க வேண்டும் என்று போவேன், கேட்காமல் திரும்புவேன். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு மாலை, அவர் கட்டில் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். அதைச் சொல்ல மூன்றாவதற்குப் போக வேண்டும். இனிமேலும் தள்ளி வைக்க இடமில்லை.

மூன்றாவது. வேலை நேரம் என்றால் என்ன என்று அந்தச் சட்டத்தில் ஒரு வரையறை இருக்கிறது. அதன் கடைசிப் பகுதியில், முனையங்களில், அதாவது வண்டி போய்ச் சேரும் இடங்களில், வெறுமனே காத்திருக்கும் நேரம் பதினைந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் அதுவும் வேலை நேரம் என்று வருகிறது. அப்படியானால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் காத்திருந்தால் அது வேலை நேரம் ஆகாது, ஓய்வு என்று நான் முடிவு செய்தேன். யாரும் என்னை இப்படி எழுதச் சொல்லவில்லை. மேலாளருக்கு அந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. இந்த வழியைக் கண்டுபிடித்தவன் நான். வரிசையில் சேர்ந்தால் பணி முடிவு, கதவு திறந்தால் பணி தொடக்கம் என்ற முறையை அலுவலகத்துக்குக் கற்றுக் கொடுத்தவன் நான். எல்லாக் கட்டங்களும் சட்டத்தோடு பொருந்தி வந்தபோது, ஒரு கடினமான கணக்கைப் போட்டு முடித்த மகிழ்ச்சி எனக்கு இருந்தது. சூசையின் வண்டியில் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து, தலைவலியோடு திரும்பி வந்த பிறகும் நான் அதை மாற்றவில்லை. புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

வேலுவுக்கு அடிபட்ட அன்று காலை பத்து மணிக்குச் சூசை செய்த அழைப்பை எடுத்தவனும் நான்தான்.

லைன் நன்றாகவே இருந்தது. "சார், நான் சூசை. வேலுவ அனுப்பாதீங்க சார். பையன் கண்ணு செவந்து கீது. ராத்திரி பூரா தூங்கல" என்றார். நான் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். அப்படித்தான் செய்தேன், கிடங்கு வாசலுக்கு ஆள் அனுப்பி விசாரிக்கவில்லை, மேலாளரிடம் சொல்லவில்லை, பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். "பதின்மூன்று மணி நேரம் ஓய்வு இருக்கிறதே, சூசை" என்றேன். அதற்கு அவர், "புக்க மூடிட்டு ஒரு நிமிசம் யோசிங்க சார்" என்றார். நான் மேலாளரிடம் சொல்கிறேன் என்று வைத்தேன். சொல்லவில்லை. எதைச் சொல்வது? என் பதிவேடு தவறு என்றா?

விசாரணையில் யார் எடுத்தார்கள் என்று கேட்டபோது, சூசை என்னைப் பார்க்கவே இல்லை. என் பெயரைச் சொல்லியிருந்தால் அவர் சாட்சியம் நின்றிருக்கும். வேலு தப்பியிருப்பார். அவரும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. எனக்கு அப்போது இரண்டு வருடப் பணி பாக்கி இருந்தது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். அதுவும் அவருக்குத் தெரியும்.

பாரிவாக்கத்தில் அந்த மாலை நான் கேட்டது இதைத்தான். "சூசை, அன்றைக்கு ஏன் என் பெயரைச் சொல்லவில்லை?"

அவர் கயிற்றை ஒரு கையில் பிடித்தபடி நிமிர்ந்தார். "நீங்களே எந்திரிச்சி சொல்வீங்கன்னு நெனச்சேன் சார்."

நான் கீழே கிடந்த கயிற்றுச் சுருளை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"உங்க பக்கம் பாத்தா நீங்க பயந்துடுவீங்கன்னு சொல்லி வேற பக்கம் பாத்துகினு இருந்தேன். நீங்க சொல்லல. அப்பால வேலுகிட்ட இன்னான்னு சொல்றது? கோர்ட்டுக்கு எய்தி குடுத்ததுலயும் கொரல் தெரியலன்னே சொல்லி வச்சிட்டேன்." மறுபடி குனிந்து கயிற்றை இழுத்தார். "இந்த மொனைய கொஞ்சம் புடிங்க சார். உட்டுடாதீங்க."

பிடித்துக்கொண்டேன். கட்டில் முடிந்ததும் பேருந்துக்கு நேரமாயிற்று என்று கிளம்பினேன். அதன் பிறகும் மூன்று வருடங்கள் அவர் உயிரோடு இருந்தார். நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

அடக்கத்துக்கு முன் கரையான்சாவடி வீட்டுக்குப் போனேன். தெரு முழுக்க ஓட்டுநர்கள். பலர் வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு, உடைகூட மாற்றாமல் வந்திருந்தார்கள். சூசையின் மனைவி ஸ்டெல்லா அம்மா என்னைப் பார்த்ததும், "உள்ள வாங்க சார். ராத்திரியெல்லாம் தூங்கலையா? மூஞ்சி ஒரு மாரி கீதே" என்றார். அந்த வீட்டில் எல்லோரும் கேட்கும் கேள்வியாக அது ஆகியிருந்தது. வேலு பெட்டியின் கால்மாட்டில், காலை மடக்க முடியாமல் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்றைக்குப் போனை எடுத்தது நான்தான், வேலு" என்றேன். ஒன்பது வருடம் வராத வார்த்தை, எப்படி வந்தது என்று தெரியவில்லை.

வேலு என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணாத்தேக்கு தெரியுமா சார்?"

"தெரியும்."

அவர் சூசையின் முகத்தைப் பார்த்தார். "ஏன் அண்ணாத்தே?" என்றார். என்னிடம் அதன் பிறகு பேசவில்லை. அடக்கம் முடிந்து நான் கிளம்பியபோதும் பேசவில்லை. மறுநாள் அவருடைய வழக்கறிஞர் அழைத்தார். வந்து சொல்வீர்களா என்று கேட்டார். வருகிறேன் என்றேன். நான் பயந்தவன் என்பது இதைப் படிக்கும் பலருக்குத் தெரியும். இங்கே எழுதி அச்சேறிவிட்டால் பிறகு போகாமல் இருக்க முடியாது. அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

ஆறாவது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். பால் போடும் பெண்ணிடம், மகளோடு வீட்டுக்கு வரும் மருமகனிடம், யாரைப் பார்த்தாலும் தூங்கினீர்களா என்று கேட்கிறேன். பதிலை எங்கும் குறித்துக்கொள்வதில்லை. முகத்தைப் பார்க்கிறேன். அவர் பார்த்த அளவுக்கு எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. முயல்கிறேன்.

இதை எழுதும்போது அட்டை போட்ட அந்தப் பழைய புத்தகத்தை எடுத்து வரையறையை மறுபடி படித்தேன். நான் பிடித்துக்கொண்ட பதினைந்து நிமிடம் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன்னால், முதல் வரியிலேயே, தொழிலாளி முதலாளியின் ஏவலுக்கு உட்பட்டிருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம் என்று இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே என் பென்சில் கோடு இல்லை.

பதிவேட்டில் தவறு நேர்ந்தால் சுரண்டி அழிக்கக் கூடாது. எழுதியது தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையொப்பம் இட வேண்டும். அதனால் மேலே உள்ள பட்டியலை நான் திருத்தவில்லை. மூன்றாவதாக எழுதியிருப்பது தவறு. அந்தப் பதின்மூன்று மணி நேரமும் வேலு வேலையில் இருந்தார்.